கிணற்றுப் பக்கமிருந்து வந்த பதில்

என் அப்பாவுக்கு ஒரு சின்னவீடு இருந்தது. அம்மா அப்படித்தான் சொல்வாள். ஆயுத பூஜை முடிந்து மழை பிடிக்கும் நேரத்தில் வரும். சித்திரை வெயிலில் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். இருக்கிற மாதங்களில் விடிந்ததும் பொழுது சாய்ந்ததும் அப்பாவை வீட்டில் பார்க்க முடியாது. முந்திரிக்கொல்லையில் இருப்பார்.

அது ஒரு குருவி. ஆறுமணிக்குருவி என்போம். பச்சை முதுகும் நீலத் தோளும் வாலடியில் சிவப்புமாக, கல்யாணத்துக்குப் போகிற மாதிரி உடுத்திக்கொண்டு, சருகைப் புரட்டிப் பூச்சி தின்னும். காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் இரண்டு சுரத்தில் விசிலடிக்கும். நான் பிறப்பதற்கு முன் ஒரு ஐப்பசி மழையில், பறந்த களைப்பில் எங்கள் மாட்டுக்கொட்டகையில் விழுந்து கிடந்ததாம். அப்பா கோழி அடைக்கும் பஞ்சாரத்தால் மூடி வைத்து, மறுநாள் கொல்லையில் விட்டிருக்கிறார். அதன்பிறகு ஒவ்வொரு வருடமும் வந்ததெல்லாம் அதே குருவிதான் என்று சாதிப்பார். வரத் தாமதமானால் சாப்பாடு இறங்காது. விசில் கேட்ட அன்று அம்மா சோறு போட்டுக்கொண்டே, "வந்துட்டாளா ஒங்க சின்னவ?" என்பாள். அப்பாவுக்கு வெட்கம் வரும்.

அப்பா விசிலடித்தால் குருவி பதில் சொல்லும். எனக்கு முன்பல் விழுந்த வருடம் அந்த இடைவெளியில் எனக்கும் விசில் வந்துவிட்டது. கடைசிச் சுரம் மட்டும் வெறும் காற்றாகப் போகும். பெண்பிள்ளை விசிலடித்தால் வீடு விளங்காது என்று அம்மா வாயிலேயே போட்டாள். கொல்லையில் அடித்தால் வீட்டுக் கணக்கில் வராது என்று அப்பா எனக்காக ஒரு சட்டம் போட்டார்.

நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது, ஆங்கில வருடப் பிறப்புக்கு இரண்டு நாள் இருக்கையில் அந்தப் புயல் வந்தது. விடிந்து பார்த்தால் எங்கள் அண்ணாகிராமத்துப் பக்கம் நிற்கிற மரமே இல்லை. எங்கள் முந்திரி அத்தனையும் வேர் வானத்தைப் பார்க்கக் கிடந்தது. தாத்தா வைத்த பலா இரண்டாகப் பிளந்திருந்தது. எனக்கு அழுகை வந்தது குருவிக்காகத்தான். மரம் திரும்ப முளைக்கும் என்று நினைத்திருந்தேன்.

அப்பா பேச்சை நிறுத்திவிட்டார். சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். மர வியாபாரி வந்து கூப்பிட்டபோதும் எழுந்திருக்கவில்லை. கரண்டும் இல்லை, வீடே செத்தவீடு போல இருந்தது. அம்மா பூச்சிமருந்து டப்பாக்களைக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் வைத்தாள். வீட்டைச் சுத்தம் செய்கிறாள் போலும் என்று நானும் ஒன்றைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

பொங்கலுக்கு முந்தைய ஒரு சாயங்காலம் அப்பா தானாக எழுந்து, சட்டை போட்டுக்கொண்டு கொல்லைப் பக்கம் நடந்தார். எனக்கு ஒரே சந்தோஷம். குருவியைத் தேடத்தான் போகிறார் என்று நினைத்தேன். அம்மா அடுப்பை விட்டு ஓடிவந்து என்னைத் தள்ளினாள். "கூடவே போ பாப்பா. கண்ண எடுக்காத."

விழுந்த மரங்களுக்குள் நுழைவது பெரிய பாடாக இருந்தது. கிளையைத் தாண்டிக் குனிந்து நிமிர்வதற்குள் அப்பா மறைந்துவிட்டார். கூப்பிட்டேன்; பதில் இல்லை. பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. பயத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் விசிலடித்தேன். ஒன்றும் இல்லை. மறுபடி அடித்தேன். மூன்றாவது தடவை பாதி காற்றுதான் வந்தது.

கொஞ்ச நேரம் கழித்துக் கொல்லைக் கிணற்றுப் பக்கமிருந்து பதில் வந்தது. அதே இரண்டு சுரம்.

அதற்குமேல் அப்பா ஞாபகமே எனக்கு இல்லை. முழங்கால் சிராய, வீட்டுக்கு ஒரே ஓட்டம். குருவி சாகவில்லை, கத்துகிறது என்று மூச்சு வாங்கச் சொன்னேன்.

"அப்பா எங்கடி?" என்றாள் அம்மா.

தெரியவில்லை என்றேன். விசிலடித்தேன், பதில் வந்தது என்றேன். அடி விழும் என்று கன்னத்தைப் பொத்திக்கொண்டேன். அவள் அடிக்கவில்லை. எந்தப் பக்கமிருந்து வந்தது என்று மட்டும் கேட்டாள். கிணறு என்றதும் செருப்புகூடப் போடாமல் ஓடினாள். குருவியைப் பார்க்க அவளுக்கும் இவ்வளவு ஆசையா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

பள்ளிக்கூடம் போக மறுக்கிற பிள்ளையை இழுத்து வருவதுபோல அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்து அழைத்து வந்தாள். இருவரும் அழுதிருந்தார்கள். நான் அப்பாவிடம், நம் குருவி தப்பித்துவிட்டதுதானே என்று கேட்டேன். அவர் குனிந்து என் முழங்கால் சிராய்ப்பைத் துடைத்துவிட்டார்.

"நீ கூப்ட்ட. அதான் கொரலு குடுத்துச்சு."

என் விசிலைப் பாராட்டுகிறார் என்று பூரித்துப் போனேன்.

மாசியில் கொல்லையை விற்றுவிட்டுச் சிதம்பரம் வந்தோம். அப்பா ஒரு துணிக்கடை வாசலில் காவலுக்கு நின்றார். அதற்கப்புறம் அவர் விசிலடித்து நான் கேட்டதே இல்லை. அந்தக் கொல்லையில் புயலுக்குப் பிறகு குருவி எதுவும் இருக்கவில்லை என்பதும், கிணற்றுக்கட்டின் மேல் ஏறி நின்று எனக்குப் பதில் விசிலடித்தவர் யார் என்பதும் பெரியவளான பிறகுதான் எனக்குப் புரிந்தது. அதுவரை வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் எங்கள் குருவி புயலுக்கே தப்பியது என்று பெருமையாகச் சொல்வேன். அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். இல்லை என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.