வாய்தா வாங்கிய குரல்

முந்திரித் தோப்புக்குப் போகும் வண்டிப்பாதைக்காக என் சித்தப்பா மகன்மேல் வழக்குப் போட்டிருந்தேன். பாதை அவன் நிலத்தின் வழியாகப் போகிறது. வழக்கு தோற்று அவன் வேலியை அடைத்துவிட்டால், விக்கிரமங்கலத்தில் இருக்கும் அறுபத்திரண்டு மரங்களின் கொட்டையையும் தலைச்சுமையாகத்தான் கொண்டுவர வேண்டும்.

அரியலூர் கோர்ட்டில் நான் சாட்சி சொல்ல வேண்டிய வாரத்தில் அவன் அம்மா இறந்துபோனார். பங்காளிகளுக்குள் கேஸ் நடந்தாலும் எங்கள் பக்கம் தீட்டு பொதுதான். கருமாதி முடியும்வரை வெளிக்காரியம் எதற்கும் போகமாட்டோம். அவனும் போகமாட்டான் என்று நம்பி, பெரம்பலூரில் இருக்கும் என் வக்கீலுக்குப் போனில் சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்தேன்.

மாலையில் வக்கீல் கூப்பிட்டார். “தள்ளுபடி பண்ணப் பாத்தாங்க சார். நான்தான் போராடி வாய்தா வாங்குனேன்.”

அந்தப் ‘போராடி’ எனக்குச் சரியாகப் படவில்லை.

விசாரணையின் ஒலிப்பதிவை இப்போது இணையத்தில் ஏற்றிவிடுகிறார்கள். வழக்கு எண், ஆண்டு, போனுக்கு வந்த ஆறு இலக்கம், படத்திலிருந்த கோணல் எழுத்துகள் என்று எல்லாம் கொடுத்தும் நான்காவது முறைதான் திறந்தது. முதல் மூன்று முறை ஏன் மறுத்தது என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

பதினொரு நிமிடப் பதிவு. டவாலி என் பெயரை மூன்று தரம் கூப்பிட்டார். பிறகு ஓர் இருமல். உடனே நிறுத்தினேன்.

“அவன் இருமல்தான். தீட்டோட கோர்ட்டுக்குப் போயிருக்கான் பாரு,” என்றேன் மனைவியிடம்.

“அதுக்கும் ஒரு கேஸ் போடுங்க. மேல ஓட்டுங்க, என்ன பேசுறாங்கன்னு கேப்போம்.”

வாதியும் வரவில்லை, அவர் வக்கீலும் வரவில்லை, வழக்கைத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்றார் அவனுடைய வக்கீல். அதற்குள் அவன் குறுக்கே பேசினான்.

“ஐயா, எங்கம்மா செத்துப்போச்சுங்க. அண்ணனுக்கும் தீட்டுங்க, அதான் வரல. காரியம் முடியட்டும், வாய்தா குடுங்க.”

“எதிர்வாதி நீங்களே கேக்குறீங்களா?”

“ஆமாங்க.”

என் வக்கீலின் குரலைத் தேடி முதலிலிருந்து மறுபடி ஓட்டினேன். போனைக் காதோடு ஒட்டிவைத்தும் கேட்டேன்.

“எத்தன தடவ கேட்டாலும் வராத மனுசன் வந்துடுவாரா?” என்றாள் மனைவி.

கருமாதியன்று குளத்தங்கரையில் அவனைத் தனியாகப் பிடித்தேன். “ஏன்டா அப்படிச் சொன்ன?”

“எங்கம்மா சாவுல கேஸ் ஜெயிச்சான்னு ஊரு பேசவா? அதுக்காகப் பாதைய வுட்டுருவேன்னு நெனைக்காதீங்க. மொதல்ல ஒங்க வக்கீல மாத்துங்கண்ணே.”

மறுநாளே கேஸ் கட்டைத் திரும்ப வாங்கப் பெரம்பலூர் பஸ் ஏறினேன். பாதி வழியில்தான் உறைத்தது. என் வக்கீலை மாற்றுவதில் இவனுக்கு என்ன இத்தனை அக்கறை? அரியலூரில் புது ஆள் பார்த்தால் அவனுக்குத் தெரிந்தவராக இருப்பார். பெரம்பலூரில் பார்த்தால் பழைய வக்கீலின் சிநேகிதராக இருப்பார். கட்டை வாங்கிக்கொண்டு, வேறு வக்கீல் தேடி நேரே ஜெயங்கொண்டம் போனேன்.