சுப்பராயலு வைத்த பரீட்சை

பாகூர் கடைத்தெருவில் மளிகை வைத்திருந்த சுப்பராயலு, மழை பெய்கிறது என்று நாம் நனைந்துபோய்ச் சொன்னாலும் கையை வெளியே நீட்டிப் பார்க்கிற ஆள். அவன் கேள்வி கேட்காமல் நம்பியது ஒருத்தனைத்தான், ஆதிமூலத்தை. எங்கள் சடுகுடு கோஷ்டியில் ஆதிமூலம் பாடிப் போவான், சுப்பராயலு பிடிப்பான், நான் ஓரத்தில் நின்று உதை வாங்குவேன்.

"ஏரி தாண்டி வரேன்டா, எட்டுக் கரும்பு முறிக்க வரேன்டா, தடுக்கிறவன் யாருடா, யாருடா, யாருடா..." இது ஆதிமூலத்தின் பாட்டு. கடைசி 'யாருடா'வில் குரலைத் தேய்ப்பான். மூச்சு போய்விட்டதென்று எதிராளிகள் பாய்வார்கள். இவன் இரண்டு பேரைத் தொட்டுவிட்டுக் கோட்டில் நின்று சிரிப்பான். கிருமாம்பாக்கத்துக்காரர்கள் வருஷா வருஷம் அதிலேயே ஏமாந்தார்கள்.

முப்பத்தொன்பதில் ஆதிமூலம் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாகச் சேர்ந்து சைகோனுக்குக் கப்பலேறினான். சண்டையில் கடிதம் நின்றுபோனது. கடைக்கு எதிர்வீட்டில் அவன் மனைவி கஸ்தூரி காத்திருந்தாள்.

நாற்பத்தாறு ஆனியில், ஒரு மத்தியானம், நொண்டிக்கொண்டே ஒருவன் கடைக்கு வந்தான்.

"செல்லிப்பட்டு நடேசங்க. ஆதிமூலமும் நானும் ஒரே பட்டாளம். அவரு தவறிட்டாருங்க. வூட்ல சொல்லணும். எந்த வூடு?"

"சத்தம் போடாத. உள்ள வா" என்றான் சுப்பராயலு.

அவன் பயத்துக்குக் காரணம் இருந்தது. போன வருஷம் வில்லியனூரில் ஒரு சொல்தா செத்துவிட்டதாக யாரோ சொல்லி, அவன் பெண்டாட்டியின் தாலியை வாங்கிவிட்டார்கள். மூன்றாம் மாதம் ஆள் பெட்டியோடு வந்து இறங்கினான்.

"காயிதம் இருக்குதா?"

"சப்பான்காரன் அடைச்சு வெச்ச முகாம்ல காய்ச்சல்ல போனாரு. காயிதத்துக்கு எங்கங்க போவேன்?"

"அவனுக்கு எந்த முட்டியில தழும்பு?"

"எடது முட்டிங்க."

"பஸ்ல வரும்போது யாரையாவது கேட்டிருப்ப."

எனக்கே பொறுக்கவில்லை. "விடுடா, பாவம். நடக்கக்கூட முடியாம வந்திருக்கான்" என்றேன்.

"நீ சும்மா இருடா. எவனோ சொன்னான்னு அவ பொட்டை அழிக்கச் சொல்றியா?"

சுப்பராயலு நடேசன் பக்கம் திரும்பினான். "அவன் சடுகுடு பாட்டு தெரியுமா? பாடு பாக்கலாம்."

"தெனம் சாயங்காலம் முகாம்ல அதைப் பாடித்தாங்க ஆடுவோம்."

நடேசன் தொடையில் கையூன்றிக் குனிந்து, ஒரே மூச்சில் பாடினான். சொற்கள் ஊருக்கே தெரிந்தவைதான். ஆனால் மூன்றாவது 'யாருடா' தேய்ந்த விதம் இருக்கிறதே, அது ஆதிமூலத்தின் பக்கத்திலேயே கிடந்தவனுக்குத்தான் வரும். சுப்பராயலு நடேசனின் மணிக்கட்டை எட்டிப் பிடித்துக்கொண்டான். பிடித்தவன் விடவில்லை.

"செத்துட்டாண்டா" என்று என்னிடம் சொல்லிவிட்டுக் குழந்தை மாதிரி அழுதான்.

அப்போது எதிர்வீட்டுக் கதவு படாரென்று திறந்தது. அரிசி களைந்த ஈரக்கையோடு கஸ்தூரி தெருவைத் தாண்டி ஓடிவந்தாள். ஏழு வருஷத்தில் அந்த முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை.

"அண்ணே, அவரு வந்துட்டாரா? பாட்டு கேட்டுதே!"

சுப்பராயலு நடேசனின் கையை விட்டான். அவள் எங்களைக் கடந்து உள்ளே போனாள்.

"வெளயாடாதீங்க, வெளிய வாங்க" என்று சிரித்துக்கொண்டே அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் தேடினாள்.