பக்கத்து மாடி வெளிச்சம்

மழைக்காலத்தில் பொழிச்சலூரில் வானம் பார்ப்பவன் பைத்தியக்காரன். நான் அந்த ரகம். மேகம் விலகினால் விமானம், விமானம் போனால் கொசு.

வேறொரு நட்சத்திரத்தைச் சுற்றும் கோளை என் தொலைநோக்கியாலேயே ஒரு தடவையாவது பிடித்துவிட வேண்டும் என்று எனக்கு வெறி. கண்ணுக்குத் தெரியாது அது. குறுக்கே கடக்கும்போது நட்சத்திர வெளிச்சம் நூற்றில் ஒரு பங்கு குறையும். விடாமல் படமெடுத்து அளந்தால் வரைபடத்தில் சின்னப் பள்ளம் விழும். அந்தப் பள்ளம்தான் எனக்கு வேண்டும். புது வருஷம் பிறந்ததும் நாவலூர் அடுக்ககத்துக்குக் குடிபோகிறோம். அங்கே மொட்டை மாடிக்குப் பூட்டு.

டிசம்பரில் நான் குறிவைத்த கோள் நமக்கு வசதியான நேரத்தில் கடப்பது இரண்டே நாள். முதல் நாள், பக்கத்து மாடியில் கிறிஸ்துமஸ் ஸ்டார் எரிந்துகொண்டிருக்க, நான் எங்கள் மாடியில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன்.

"குட்டி போட்ட பூனை மாதிரி எதுக்கு சுத்தறீங்க? மெஷின்தானே வேலை பண்ணுது?" என்றாள் மனைவி. வாஸ்தவம்தான். உட்கார முடிந்தால்தானே!

ஏழரைக்குத் திரையில் கோடு இறங்கியது. அதற்கப்புறம் கண்ணை வேறெங்கும் திருப்பவில்லை. ஒன்பதரைக்கு ஏறியது. கணக்கு அப்படியே பலித்தது! கத்தியே விட்டேன். பள்ளம் கொஞ்சம் அதிக ஆழம். சந்தோஷத்தில் அதை யார் பார்த்தார்கள்?

மறுநாள் பக்கத்து வீட்டு அக்கா மதிலோரம் வந்தார்.

"நல்லா தெரிஞ்சுதா தம்பி? ஏழரைலேருந்து ஒன்பதரை வரைக்கும்னு உங்க வீட்ல சொன்னாங்க. இடைஞ்சலா இருக்குமேன்னு ஸ்டாரை அந்த ரெண்டு மணி நேரமும் ஆஃப் பண்ணிட்டேன்."

நான் பிடித்தது கோளை அல்ல, அக்காவின் சுவிட்சை. கோள் கடந்த நேரம் மட்டும் இருட்டு. முன்னும் பின்னும் ஸ்டாரின் வெளிச்சம் படத்தில் ஏறியிருக்கிறது. ஒப்பிட ஒன்றுமில்லை. விடாமல் எரிந்திருந்தாலும் அந்த வெளிச்சத்தில் சின்னப் பள்ளம் மூழ்கித்தான் போயிருக்கும்; அது எனக்கு முன்பே தோன்றவில்லை. அக்காவின் மேல் கோபம் வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் கோபப்பட்டதே வெட்கமாகிவிட்டது.

"சூப்பரா தெரிஞ்சுதுக்கா."

"அடுத்து எப்போ? சொல்லுங்க, சாயங்காலம் முழுக்க வேணும்னாலும் அணைச்சு வெக்கிறேன்."

அடுத்தது இருபத்திநாலாம் தேதி, கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி. கேட்டால் நிச்சயம் அணைப்பார், அதுதான் சிக்கல்.

"ஜனவரியிலதான்க்கா" என்றேன்.

இருபத்திநாலாம் தேதி சாயங்காலம் வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. அக்காவின் ஸ்டார் எரிந்துகொண்டிருந்தது. தொலைநோக்கியையும் சேர்த்துக் கட்டி வைத்த பெட்டிகளுக்கு நடுவே நான் நடந்துகொண்டேயிருந்தேன். அன்று மனைவி பூனை என்று சொல்லவில்லை.