ஒழுகாத கார்

இன்று காலை எங்கள் வெள்ளவத்தைத் தொடர்மாடியின் வாயிற்கதவுக்கு வெல்டிங் வைத்தார்கள். எரிந்த இரும்பின் வாடை நான்காம் மாடிவரை ஏறி வந்தது. சன்னலைச் சாத்தினேன், சற்று நேரத்தில், ஏனென்று தெரியாமல், திறந்தும் விட்டேன். அந்த வாடை எனக்குக் கொட்டாஞ்சேனை ஒழுங்கையொன்றில் இருந்த தகரக் கூரைக் கராஜுக்குரியது.

அங்கேதான் எங்கள் பழைய கார் நான்கு மாதம் கிடந்தது. கூரையும் பக்கத் தகடும் சேரும் பொருத்துத் துருப்பிடித்து, மழை பெய்தால் இடப்பக்க இருக்கையில் சொட்டும். இடப்பக்கம் என் மனைவியின் பக்கம். கிழமைக்கு ஒருதரம் பொரளைக்குச் சிகிச்சைக்குப் போகையில், மடியில் துவாயை விரித்துக்கொண்டு உட்காருவாள். சொட்டு விழுந்ததும், மேகத்தை அனுப்பியவனே நான்தான் என்பதுபோல என்னைப் பார்ப்பாள்.

திருத்தக் கொடுக்கப்போகிறேன் என்றபோது மறுத்தாள்.

“இஞ்சருங்கோ, ஒழுகினால் ஒழுகட்டும். இப்ப கொண்டுபோய் விடாதேங்கோ. எனக்கு அதிலதான் போகவேணும்.”

“ரெண்டு கிழமைதானே.”

“உங்கட ரெண்டு கிழமை எனக்குத் தெரியாதே? ஒரு புத்தக அலுமாரிக்கு வார்னிஷ் அடிக்க வருஷம் எடுத்த ஆள்!”

தகடு வேலை செய்பவரைக் கொழும்பில் பாஸ் என்போம். றியாஸ் பாஸ் பொருத்தைச் சுரண்டிப் பார்த்தார்.

“ஒழுகிற இடத்த மட்டும் வெட்டி வெல்டிங் வச்சுத் தாரேன் சேர். வார வியாழன் எடுத்துட்டுப் போங்க.”

அத்துடன் நின்றிருக்கலாம். எதையும் அரைகுறையாக விடக்கூடாது என்பது நான் படித்த படிப்பின் பெருமை. எல்லாப் பொருத்தையும் திறக்கச் சொன்னேன்.

“எல்லாத்தையுமா? ஒரே இழுவையா வச்சா தகடு கோணிரும் சேர். இங்க ஒரு பொட்டு, அங்க ஒரு பொட்டு, ஆறவிட்டு ஆறவிட்டுத்தான் வைக்கணும். சுணங்குமே.”

எத்தனை நாளானாலும் சுணங்கட்டும் என்றேன். வெல்டிங் முடிந்து பட்டி பூசித் தேய்த்த பிறகும், விரலால் தடவிப் பார்த்து, ஓரிடத்தில் அலை தெரிகிறதென்று மீண்டும் செய்வித்தேன். “எனக்கே தெரியல்லியே சேர்,” என்றார் பாஸ். அது அவருக்குத் தெரியாததில் எனக்கு ஒரு சின்ன வெற்றி.

அவள் வாடகைக் கார்களில் போய்வந்தாள். முதலிரு மாதங்கள், “கார் எப்ப வரும்?” என்று கேட்டாள். மூன்றாம் மாதம் கேட்கவில்லை. நான்காம் மாதம் தொடங்கியபோது அவள் இல்லை.

பொருத்து வேலை முடிந்தால் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது அந்தக் கராஜின் வழக்கம். ஒருவர் உள்ளே இருந்து, ஒழுகும் இடத்தைத் தட்டிக் காட்டவேண்டும். நான் இடப்பக்கம் ஏறிக்கொண்டேன். முப்பது வருடத்தில் அந்த இருக்கையில் நான் உட்கார்ந்தது அதுவே முதல்முறை. கண்ணாடிகள் எல்லாவற்றிலும் தண்ணீர் வழிந்தது. உள்ளே ஒரு துளி இல்லை.

“ஒழுகுதா சேர்?”

மடியைத் தடவிப் பார்த்தேன், காய்ந்திருந்தது. எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்து, பாஸ் இன்னொரு வாளி ஊற்றினார்.

கராஜ் இருந்த இடம் இப்போது வாகனத் தரிப்பிடம். காரை வாங்கியவர் கல்கிசைப் பக்கம் மணமக்களை ஏற்றிச் செல்கிறாராம். எந்த மழையும் அதனுள் இறங்காது. வேலை அவ்வளவு சுத்தம். அவள் நனைந்துகொண்டே போக விரும்பிய கார்தான் எங்கும் இல்லை.