நைனா கரையேறும் வரை

என் முதல் புத்தகம் மூன்று வருடமாக ஏன் கம்ப்யூட்டரிலேயே கிடக்கிறது என்று கேட்டவர்களிடம், இன்னும் கொஞ்சம் செதுக்க வேண்டியிருக்கிறது என்று சொல்லிவந்தேன். எழுதுகிறவர்கள் எல்லோரும் சொல்கிற காரணம் இது. கேட்பவர்களும் மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் போவார்கள். உண்மையான காரணம், என் அப்பா இன்னும் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தார் என்பதுதான்.

நானே போட்டுக்கொள்வது என்று எப்போதோ முடிவாகிவிட்டது. இரண்டு பதிப்பகங்களுக்கு அனுப்பிப் பார்த்தேன். ஒன்றிலிருந்து பதிலே வரவில்லை. இன்னொன்றிலிருந்து பேசியவர், எங்கள் ஊரான பழவேற்காட்டைப் பற்றியது என்றதும், "பறவைகளைப் பத்தியா?" என்று ஆசையாகக் கேட்டார். மனிதர்களைப் பற்றி என்றேன். அவருக்கு ஆசை போய்விட்டது. ஐம்பது பிரதி கேட்டால்கூட அடித்துத் தருகிற அச்சகம் ஒன்று சென்னையில் இருக்கிறது என்று பிறகு தெரியவந்தது. நான் பொன்னேரியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் ஊர்க்காரர்களுக்கு விண்ணப்பம் அடித்துக்கொடுத்துப் பிழைப்பவன். பக்கம் கட்டுவதும் அட்டை செய்வதும் எனக்கே வரும். எப்போது போடுவது என்பது மட்டும்தான் பாக்கி.

இடைஞ்சல் நான்காம் அத்தியாயத்தில் இருந்தது. எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்போம். என் பன்னிரண்டாவது வயதில் நைனா என்னை முதல்முறையாகக் கடலுக்கு அழைத்துப்போனார். கடலுக்கடியில் மேடு தட்டியிருக்கும் பாறைக்கு 'பார்' என்று பெயர். அங்கேதான் மீன் அடையும். அவருக்கென்று ஒரு பார் இருந்தது. மற்றவர்கள் வெறும் வலையோடு திரும்புகிற நாளிலும் அவர் படகில் சங்கரா மீன் சிவந்து கிடக்கும். அந்த இடத்தின் அடையாளத்தை அன்றைக்கு என் காதோடு வாய் வைத்துச் சொன்னார். லைட் ஹவுஸுக்குப் பின்னால் ஒற்றைப் பனை மறைய வேண்டும். தெற்கே தெரியும் அனல்மின் நிலையப் புகைபோக்கிகளில் ஒன்று இன்னொன்றை மறைக்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கிற இடம்தான் பார். "யாராண்டயும் சொல்லாத" என்றார்.

அன்றைக்கு நான் கரையைப் பார்க்கவே இல்லை. படகின் விளிம்பில் தலையைத் தொங்கப்போட்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். புத்தகத்தில் வாந்தி கிடையாது. அதில் நான் கண்கள் விரிய அடிவானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். ஆனால் அடையாளத்தை மட்டும் ஒரு சொல் பிசகாமல் எழுதியிருந்தேன். புத்தகத்திலேயே நல்ல அத்தியாயம் அதுதான். அந்த அடையாளத்தை எடுத்துவிட்டால் மீதி இருப்பது உப்புக்காற்றும் வர்ணனையும்தான்.

அதைப் போட்டால் நைனாவின் பார் ஊருக்கே பொதுவாகிவிடும். இப்போது எல்லாரிடமும் ஜி.பி.எஸ். இருக்கிறது. ஒருவன் ஒருமுறை போய்ப் பொத்தானை அமுக்கினால் போதும், அப்புறம் அவனுடைய மச்சான், மச்சானுடைய மச்சான் என்று வரிசையாக வந்துவிடுவார்கள். அவர் வயிற்றில் நான் அடிக்க முடியுமா? அதனால் அவர் கடலை விடுகிற வரை பொறுப்பது என்று எனக்குள்ளேயே தீர்மானித்துக்கொண்டேன். அவரிடம் இதைப் பற்றி மூச்சுகூட விடவில்லை. தியாகம் செய்கிறவன் வாயைத் திறக்கக்கூடாது அல்லவா?

நைனாவோ கடலை விடுவதாக இல்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும், "இந்த வருசத்தோட போதும்டா" என்பார். மாட்டுப் பொங்கல் முடிந்ததும் டீசல் வாங்கப் போவார். முதுகு பிடித்துக்கொண்டு இரண்டு வாரம் படுத்தார். நான் முன்னுரை எழுதத் தொடங்கினேன். மூன்றாம் வாரம் எழுந்துவிட்டார். பிறகு கண்ணில் புரை விழுந்தது. ஒரு மகன் இப்படியெல்லாம் நினைக்கலாமா என்றால், நினைக்கக்கூடாதுதான். நான் நினைத்தேன். ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்த அன்றைக்கு, "லைட் ஹவுஸு இப்ப ஷோக்கா தெரியுதுடா" என்று சொல்லிவிட்டு முன்பைவிடத் தூரமாகப் போக ஆரம்பித்தார். நான் முன்னுரையை மூடி வைத்தேன்.

என் மனைவிக்கு மட்டும் விஷயம் தெரியும். அவள் அனுப்பம்பட்டுக்காரி, ரயிலைப் பார்த்து வளர்ந்தவள், எதையும் நேரம் பார்த்து முடிக்க வேண்டும் அவளுக்கு.

"உங்க நைனா கரையேறினாதான் பொஸ்தகமா? நல்லா சாக்கு கண்டுபுடிச்சிக்கினு கீற. மெய்யாலுமே பயம் அவருக்காவா, இல்ல உனக்கா?" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. அவள் சொன்னதில் பாதி சரி என்பதால் நிறையவே வந்தது. புத்தகம் வெளிவராத வரைக்கும் அது மகத்தான புத்தகம். வந்துவிட்டால் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் வடை மடிக்கப்படுகிற காகிதங்களில் ஒன்று. அந்த நடுக்கத்தை மகனின் பாசம் என்று பெயர் மாற்றி வைத்திருந்தேன். இருந்தாலும் மீதிப் பாதி பாசம்தான், சத்தியமாக.

போன கார்த்திகையில், ஒரு வீம்புக்குத்தான், மாதிரிப் பிரதி ஒன்று மட்டும் அடித்து வரவழைத்தேன். அப்போது புயல் எச்சரிக்கை. நான்கு நாளாக ஒரு படகும் இறங்கவில்லை. வேலை முடிந்து நான் வீடு வந்தபோது, நைனா வாசலில் வலையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரே என் மனைவி புத்தகத்தை விரித்து நான்காம் அத்தியாயத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். மூன்று வருடம் பொறுத்தது போதும் என்று அவளாகவே முடிவு செய்திருக்கிறாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றேன்.

அவள் அடையாளம் வருகிற இடத்தைப் படித்து முடித்ததும் நைனா நிமிர்ந்தார்.

"இந்தக் குறி எவன்டா உனக்கு சொன்னது?"

"நீதான் நைனா."

"நானா?"

கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் திரும்பவும் சிரிப்பாகி, என் மனைவி உள்ளே போய்த் தண்ணீர் எடுத்துவந்து கொடுக்க வேண்டியதாயிற்று.

"அங்க இன்னாடா கீது? வெறும் சேறுடா அது. ஒரு சங்கரா கெடைக்காது."

எங்கள் கரையில் எங்கே மீன் பட்டது என்று கேட்டால் யாரும் நேராகச் சொல்வதில்லை. வடக்கே போனவன் தெற்கே என்பான். அதைப் பொய் என்றுகூட யாரும் எடுத்துக்கொள்வதில்லை. இரண்டாம் அத்தியாயத்தில் இதையே பக்கம் பக்கமாகக் கிண்டலடித்து எழுதியிருக்கிறேன். என்னிடமும் அப்படித்தான் சொல்லியிருப்பார் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை. நான் மகன் அல்லவா?

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மூன்று வருடம் ஒரு சேற்றுக்குக் காவல் இருந்திருக்கிறேன். அதைவிட, காதோடு வாய் வைத்துச் சொன்னது பொய் என்பதுதான் வலித்தது.

"பெத்த புள்ளயாண்டயே பொய் சொன்னியா? நான் இந்த நாள்வரைக்கும் ஒருத்தராண்டயும் சொல்லல, தெரியுமா?" என்றேன்.

நைனா என் மனைவியின் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி, அந்தப் பக்கத்தை விரலால் தட்டினார்.

"சொல்லலயா? அப்ப இது இன்னா? ஐநூறு பேராண்ட சொல்லப் போற."

ஐம்பதுதான் என்று சொல்ல வாயெடுத்தேன். அது பதில் இல்லை என்று எனக்கே தெரிந்தது.

அவருக்கோ உற்சாகம் பிடித்துக்கொண்டது. கடல் அடங்குவதற்குள் போட்டுவிட வேண்டும் என்றார். ஒரு எழுத்துகூட மாற்றக்கூடாதாம். "எல்லாப் பசங்களும் அந்தாண்டயே போவட்டும். நான் இந்தாண்ட நிம்மதியா கீறேன்." பக்கத்து மீனவர் கிராமமான பசியாவரத்துக்குத் தானே நாலு பிரதி எடுத்துப்போவதாகவும், எந்தப் பக்கம் என்று மடித்துக்கொடுப்பதாகவும் சொன்னார். என் புத்தகத்தை இவ்வளவு ஆசையாகக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"சரி, நெசமான குறி இன்னா நைனா?"

அவர் சிரிப்பை நிறுத்தினார். வலையைத் தள்ளி வைத்துவிட்டு, உள்ளங்கையை என் முன்னால் நீட்டினார். விளையாட்டுக்குச் செய்யவில்லை. முகத்தைப் பார்த்தால் தெரிந்தது.

"இனிமே எதையும் எழுத மாட்டேன்னு என் கைல அடிச்சு சத்தியம் பண்ணு. இப்பவே சொல்றேன்."

என் கை எழவில்லை. அவரும் கோபப்படவில்லை. கையை மடக்கிக்கொண்டு வலையை மறுபடி மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டார். நான் போனை எடுத்து அச்சகத்துக்குப் பேசி, ஐம்பது பிரதி அடிக்கச் சொன்னேன்.