ஊசி போடாத சேவல்

அம்மா படுக்கையில் கிடந்தபோது காளிக்கு ஒரு சேவலை நேர்ந்துவிட்டேன். அம்மா பிழைக்கவில்லை. சேவல் மட்டும் மிஞ்சியது. கோயிலுக்குக் கொடுக்கவும் மனசில்லை, விற்கவும் கூடாது. சாயல்குடிக்குத் தெற்கே, உப்புக்காற்று அடிக்கும் எங்கள் வீட்டில் அதுவும் நானும் ஆறு கோழிகளும்தான். அது கூவினால்தான் வீட்டில் ஆள் இருப்பது போலிருக்கும்.

பக்கத்து வீட்டுக்காரி எனக்கு மதினி முறை. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "என்ன கொழுந்தனாரே, சேவலைக் கட்டிக்கிட்டுக் குடும்பம் நடத்துறீகளா?" என்பாள். நான் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விடுவேன்.

மாசி மாதம் கால்நடை டாக்டரம்மா கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் ஊசி போட வந்தார். சாமிக்கு நேர்ந்ததன் மேல் ஊசி குத்தினால் பின்னம், அப்புறம் சாமிக்கு ஆகாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். சேவலை அடுப்படியில் கூடை போட்டுக் கவிழ்த்தேன்.

"அம்புட்டுத்தானாண்ணே?"

"அம்புட்டுத்தான்" என்றேன். டாக்டரம்மா முகத்தைப் பார்த்து வேறு எதுவும் சொல்ல வரவில்லை.

பங்குனியில் தெருவில் கோழிகள் செத்தன. என் ஆறும் தெம்பாக மேய்ந்தன. சேவல் பச்சையாகக் கழிந்தது. மூன்றாம் நாள் கழுத்து முறுக்கிக்கொண்டு, வானத்தைப் பார்த்தபடி வட்டமடித்தது. கூடையில் வைத்து சைக்கிளில் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

டாக்டரம்மா திட்டவில்லை. "மூளைக்கு ஏறிருச்சுண்ணே" என்றார்.

"கழிச்சல்தான, எப்படி மூளைக்குப் போகும்?" அன்று நான் கேட்ட முதல் கேள்வி.

"கிருமி மேல ஒரு புரதம் இருக்கு, எழுத்தெழுத்தாக் கோத்த மாலை மாதிரி. அதை ஒரு இடத்துல வெட்டுனாத்தான் கிருமி உள்ள நுழையும். வெட்டுற கத்தி, அதான் நொதி, அதுகிட்ட இல்ல, கோழி உடம்புலதான் இருக்கு. சாதுவான கிருமின்னா, மூச்சுக்குழாய்லயும் குடல்லயும் உள்ள கத்திதான் வெட்டும். அதோட நின்னுரும். இந்தக் கிருமிக்கு வெட்டுற இடத்துல ரெண்டு மூணு எழுத்து வேற. உடம்பு பூரா இருக்கிற கத்திக்கு அது தோதாப் போச்சு. அதான் மூளை வரைக்கும் போயிருச்சு."

"எழுத்தை அது இஷ்டத்துக்கு மாத்திக்கிருமோ?"

"முடியாதுண்ணே. எந்தக் கத்திக்கும் சேராதபடி மாறுச்சுன்னா அது கதை முடிஞ்சுரும்."

சேவலைத் தடவிக்கொண்டே, "அன்னைக்கே இதைக் காட்டிருக்கலாம்ல?" என்றார். நேர்ந்துவிட்டது என்று சொல்ல வாய் எடுத்தேன். அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கும். கூடையைத் தூக்கி சைக்கிளில் வைத்தேன்.

மறுநாள் காலை சேவல் செத்துக்கிடந்தது. டாக்டரம்மா சொன்னபடி ஆழக் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டு மூடினேன். மதினி வேலியருகில் வந்தாள், எட்டிப் பார்த்தாள், எதுவும் கேலி பேசாமல் போனாள். பேசியிருக்கலாம்.

சாயங்காலம் கோழிகள் உடைமரத்தடியை விட்டு வரவில்லை. சேவல் முன்னால் நடந்தால்தான் அவை கூடு திரும்பும். "பா... பா..." என்று கூப்பிட்டேன். குரல் கரகரத்தது. காலையிலிருந்து நான் வாய் திறக்கவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டேன்.