டீசல் வண்டியின் ஸ்பிரிங்

அவரை எல்லோரும் ஸ்கேல் என்றுதான் கூப்பிட்டார்கள். கார் உதிரிபாகக் கடையில் இருபத்தெட்டு வருடமாகக் கவுண்டரில் நிற்பவர். ஒரு போல்ட்டை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தே அளவு சொல்வார். சந்தேகப்பட்டு அளந்து பார்த்தவர்கள் பேசாமல் வாங்கிக்கொண்டு போவார்கள். கம்பெனிகள் அனுப்பிய தடித்த அளவுப் புத்தகங்கள் அலமாரியின் மேல்தட்டில் தூசி படிந்து கிடந்தன. யாராவது பார்க்கும்போது அவற்றில் ஒன்றை இறக்குவது அவருக்குக் கவுரவக் குறைச்சல்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. யார் பழைய சாமான் கொண்டுவந்தாலும் முதலில் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்துவிட்டுத்தான் கவுண்டரில் வைப்பார். அழுக்கோடு பார்ப்பது அரைகுறையாகப் பார்ப்பது என்பது அவர் கட்சி. பெரும்பாலான சாமான்களுக்கு அது சரிதான். ஸ்பிரிங்குக்குச் சரியில்லை. நீளமும் சுற்றும் ஒன்றாக இருக்கிற இரண்டு ஸ்பிரிங்கில் எது எவ்வளவு பாரத்துக்கு என்று தெரிய, செய்தவர்கள் கம்பியில் ஒரு விரல் அகலத்துக்கு வண்ணம் தீட்டியிருப்பார்கள். பழைய ஸ்பிரிங்கில் அது சேற்றுக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஸ்கேலுக்கு இது தெரியும். தன் கை அதைவிட நன்றாகச் சொல்லும் என்று நம்பினார், அவ்வளவுதான்.

அன்று பழைய ஸ்பிரிங்கைத் தூக்கிக்கொண்டு வந்தவர் அவருடைய தங்கை வீட்டுக்காரர். இரண்டு தெரு தள்ளி ஒற்றை ஆளாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் மெக்கானிக்.

"டீச்சரம்மா வண்டி மச்சான். இருபத்திரண்டு வருஷத்து வண்டி. முன்பக்கம் ரெண்டும் உக்காந்துபோச்சு. அவங்க வீட்டுக்காரருக்கு முதுகெலும்புல ஆபரேஷன். வாரத்துக்கு ரெண்டு தடவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். குழியில இறங்கினா மனுஷன் துடிச்சுப் போறாராம்."

"நீ பேசப் பேச அது நிமிர்ந்துக்குமா மாப்ள? இங்க குடு."

"பெட்ரோல் வண்டி. டீசலுக்கு இன்ஜின் கனம், ஸ்பிரிங் வேற. ஒருதடவை புத்தகத்தை..."

"புத்தகத்தைப் பாத்தா நீ என் தங்கச்சியைக் கட்டின?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மெக்கானிக்கும் சிரித்தார். ஸ்கேல் ஸ்பிரிங்கைத் தேய்த்தார், துடைத்தார், ஒரு சுற்றை விரலால் பிடித்துப் பார்த்தார். இருபத்திரண்டு வருடத்தில் துரு தின்றது போக மிஞ்சிய கம்பி அது. புதிதில் எவ்வளவு தடிமன் என்று எந்த விரலும் சொல்லாது. அவர் விரல் சொன்னது. உள்ளே போய் ஒரு ஜோடியை எடுத்துவந்து கொடுத்தார்.

நான்கு நாள் கழித்து டீச்சர் மெக்கானிக்கோடு கடைக்கே வந்துவிட்டார். வெளியே வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது.

"முன்னெல்லாம் குழியில மட்டும்தான் வலிக்கும்பார். இப்ப சின்னக் கல்லு மேல ஏறினாலும் வலிக்குதுங்கறார்" என்றார் டீச்சர்.

"ஸ்பிரிங் கெட்டியா இருக்கு மச்சான். ஒருவேளை டீசலோடது வந்துருச்சோ" என்றார் மெக்கானிக், குரலைத் தாழ்த்தி.

குரலைத் தாழ்த்தியது மரியாதைக்காக. ஆனாலும் பக்கத்தில் நின்ற நாலு பேருக்குக் கேட்டுவிட்டது. ஸ்கேலுக்குக் காது சுட்டது.

"மாப்ள, கீழ போல்ட்டை எப்ப முடுக்கின? வண்டி ஜாக்கியில தொங்கும்போதா, தரையில இறக்கின பிறகா?"

கேள்வியில் பழுதில்லை. தொங்கும்போதே முடுக்கினால், வண்டியை இறக்கும்போது அந்த போல்ட்டைச் சுற்றி உள்ளே இருக்கிற ரப்பர் முறுக்கிக்கொள்ளும். மூக்கும் தூக்கும், ஓட்டமும் கெட்டியாகும். தொழில் தெரிந்தவருக்கு மட்டுமே கேட்கத் தோன்றும் கேள்வி.

"இறக்கிட்டுத்தான் முடுக்கினேன்னு நினைக்கிறேன்" என்றார் மெக்கானிக்.

பொய் சொல்லிப் பழகாத ஆள், கேட்டவுடன் தன்னையே ஒருமுறை சோதித்துப் பார்த்துச் சொன்ன வார்த்தை அது. ஸ்கேல் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"நினைக்கிறியா? அம்மா, கேட்டுக்கிட்டீங்கல்ல. சாமான்ல குத்தமில்ல."

டீச்சர் மெக்கானிக்கிடம் கையை நீட்டினார். "சாவியைக் குடுங்க." வாங்கிக்கொண்டு வண்டியை எடுத்துப் போனார். மெக்கானிக் நடந்தே ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பினார்.

மத்தியானம் கடை காலியாக இருந்தபோது ஸ்கேல் கை துடைக்கத் துணியைத் தேடினார். ஆணியில் தொங்கிய துணியில், கறுப்பு எண்ணெய்க்கு நடுவே பச்சை இழுவியிருந்தது. பழைய ஸ்பிரிங்கைத் துடைத்த துணி அது. பிறகு ஸ்டூல் போட்டு ஏறிப் புத்தகத்தை இறக்கினார். பெட்ரோலுக்குப் பச்சை, டீசலுக்கு மஞ்சள். உள்ளே போய்ப் பார்த்தார். பச்சை ஜோடி தட்டில் இருந்தது. மஞ்சள் ஜோடி இருந்த இடம் காலி.

அதுவரை நடந்ததற்குச் சாக்குச் சொல்லலாம். கை தவறாத தொழிலாளி கிடையாது. அதற்குப் பிறகு செய்ததற்குத்தான் அவருக்கே சாக்குக் கிடைக்கவில்லை. துணியைப் பின்கட்டுக் குழாயடிக்குக் கொண்டுபோய்ச் சோப்புப் போட்டுக் கசக்கினார். பச்சை போகும்வரை கசக்கினார். யாரும் கேட்கப்போவதில்லை என்று தெரிந்தும் கசக்கினார்.

மெக்கானிக் கோபித்துக்கொண்டிருந்தால் ஸ்கேலுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் கோபிக்கவில்லை. பத்து நாள் கழித்து வீட்டுக்கு வந்த தங்கைதான் சொன்னாள்.

"முடுக்கின போல்ட்டையே திரும்பத் திரும்பப் போய்ப் பாக்குறாருண்ணே. டெலிவரி குடுத்த வண்டியைத் திரும்ப வரவழைச்சுச் சரிபாக்குறாரு. கேட்டா, உங்கண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும், எனக்குத்தான் மறதி வந்துருச்சுங்கறாரு. நாப்பத்தொம்பதெல்லாம் மறதி வர்ற வயசாண்ணே?"

"போகப் போகச் சரியாயிடும்" என்றார் ஸ்கேல். சாப்பாட்டுத் தட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார்.

அப்படியும் ஆறு நாள் கடத்தினார். பதினேழாம் நாள் பச்சை ஜோடியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனார். முன் அறையில் சுவரோரக் கட்டிலில் டீச்சரின் கணவர் ஒருக்களித்துப் படுத்திருந்தார். ஸ்கேல் உட்காராமல், வழியெல்லாம் சொல்லிப் பார்த்ததை ஒப்பித்தார்.

டீச்சர் முழுக்கக் கேட்டார். "வேற இடத்துல அந்த போல்ட்டைத் தளர்த்தி முடுக்கிப் பாத்தாச்சு. ஒண்ணும் மாறல. எனக்கு அப்பவே சந்தேகம். சரி, இதை அந்த மெக்கானிக்கிட்ட சொல்லியாச்சா?"

"இன்னும் இல்லம்மா."

"நான் உங்களுக்கு யாரு? நாலு பேர் முன்னாடி அவரைச் சொல்லிட்டு, ஆள் தெரியாத வீட்டுல வந்து மன்னிப்புக் கேக்கறீங்க."

எளிதான கதவைத்தான் முதலில் தட்டியிருக்கிறோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க" என்றார் கட்டிலில் இருந்தவர். "வகுப்புல நிக்க வெச்சுப் பழக்கம் அவளுக்கு. நான் தப்பிக்கத்தான் படுத்திருக்கேன்."

டீச்சர் சிரிக்கவில்லை. சாவியை எடுத்தார். "வாங்க, போகலாம். அவரே மாட்டட்டும்."

ஒர்க்‌ஷாப்பில் வண்டிக்காகக் காத்திருந்தவர்கள் இரண்டு பேர். அவர்கள் போகட்டும் என்று ஒரு நிமிடம் நின்ற ஸ்கேல், டீச்சர் பார்ப்பதைப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார். ஸ்பிரிங்கைச் சொன்னார். புத்தகத்தைச் சொன்னார். துணியைத் துவைத்ததைச் சொல்லும்போது குரல் அடியில் போய்விட்டது. அதையும் சொன்னார்.

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நெசமாவே புத்தகத்தை இறக்கினீங்களா மச்சான்? பாக்கக் குடுத்து வெக்கலியே" என்றார் கடைசியில். எல்லோர் முன்னாலும் மச்சானின் முகம் தொங்குவதைப் பார்க்கமாட்டாமல் சொன்னது அது. அவர் ஒரு கெட்ட வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது ஸ்கேலுக்கு.

வேலை இரண்டு மணி நேரம் பிடித்தது. பச்சை ஜோடி உள்ளே போனது. ஜாக்கியை எடுத்ததும் வண்டி தன் பழைய உயரத்துக்குப் பதவிசாக இறங்கி நின்றது. மெக்கானிக் கீழே படுத்து இடப்பக்க போல்ட்டை முடுக்கினார். ஸ்பானரை எடுத்தவர் மறுபடி வைத்துப் பார்த்தார். மூன்றாவது தடவையும் வைத்தார். பிறகு தலையை மட்டும் வெளியே நீட்டினார்.

"மச்சான், வண்டி தரையிலதானே நிக்குது?"

கிண்டலில்லை. கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

"தரையிலதான் நிக்குது மாப்ள."

மெக்கானிக் தலையாட்டினார். ஆனாலும் கையை நீட்டி, சக்கரம் தரையைத் தொடும் இடத்தில் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். வலப்பக்கம் போய் அங்கேயும் தடவினார். டீச்சர் தெருவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். ஸ்கேலுக்கு எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியவில்லை.